வெடிக்கு ஒரு கை கொள்ளு

"சாராயம் ஊத்திக் குடுத்தேனா? நானா? பாத்தவன் யாரு, அவனக் கொண்டாங்க இங்க."

அரண்மனை வாசல்ல நின்னு மாடியப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்தான் இருளப்பன். மாடியில காரியஸ்தர் நின்னாரு. உதடு அசையாமப் பேசுற மனுசன். அவரு சொன்னது கீழ நின்ன யாரு காதுலயும் விழல. இவன் சொன்னது மட்டும் ஊருக்கே கேட்டுச்சு.

"போதையில இருக்குற குதிரை தள்ளாடும்யா. பவளம் தள்ளாடுச்சா? கோடு போட்ட மாதிரி நேராப் போச்சு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஓ, நீங்க மரத்து மேல இருந்தீங்க. மறந்துட்டேன்."

பின்னாடி நின்ன லாயத்து ஆளுங்க துண்டால வாயப் பொத்திக்கிட்டாங்க.

"என்னது, பைத்தியமா? பைத்தியம் புடிச்சது திக்குத் தெரியாம ஓடும். பவளம் எங்க ஓடுச்சு? துப்பாக்கியப் பாத்து ஓடுச்சு. வெடிக்குப் பயப்படாத குதிரை வேணும்னு கேட்டது யாரு? நீங்க. பழக்கிக் குடுத்தது யாரு? நான். இப்ப பயப்பட மாட்டேங்குதுன்னு அதக் கொல்லணும்ங்கிறீங்க. நல்லா இருக்குய்யா நியாயம்."

மாடியில இருந்து என்னமோ சொன்னாரு.

"சின்னவரு விழுந்ததுல எனக்கும் வருத்தம்தான். இல்லைங்கல. அதுக்காக வாயில்லாத சீவன சுடுவீங்களா? என்ன? வாய அடக்கணுமா? அடக்குறேன். பவளத்தச் சுட மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த நிமிசம் அடக்குறேன்."

மாடிக் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"கதவுகிட்டயும் பேசுவேன் நான்," னான் இருளப்பன். ஆனா குரல் எறங்கிப் போச்சு.

நடந்தது இதுதான்.

நெடும்பாறை ஜமீன்ல லாயத்துக்குப் பொறுப்பு சீனி ராவுத்தர். வஸ்தாதுன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. குதிரையப் பழக்குறது அவரு வேலை. அவருகிட்ட தொழில் கத்துக்கிட்டு இருந்தவன் இருளப்பன். குதிரை மேல கை வச்சா, குதிரைக்கு எங்க வலிக்குதுன்னு கைக்கே தெரியும், அப்படிப்பட்ட கை. வாய்தான் கைக்கு எதிரி.

தை மாசம் வஸ்தாது புதுக்குதிரை வாங்க வடக்க சந்தைக்குக் கெளம்புனாரு. போறப்ப சொன்னது கொஞ்சம்தான்.

"பவளம் எளசு. வெடிக்குப் பழகணும். தூரத்துல இருந்து ஆரம்பி. அவசரப்படாத."

"நான் என்னிக்கு அவசரப்பட்டேன்?"

வஸ்தாது வண்டியில ஏறிட்டாரு.

பவளம் செம்பட்ட நெறத்துல நல்ல ஒசரமான பெட்டைக் குதிரை. மொத வெடிக்கே கயித்த அத்துக்கிட்டு ஓடி, லாயத்து மூலையில போயி ஒடுங்கி நின்னுச்சு. ஒடம்பெல்லாம் வேத்துக் கொட்டுது. தொடை சதை தனியா துடிக்குது. இருளப்பனால அதப் பாக்க முடியல. அதுக்கு மேல, அடுத்த வேட்டைக்கு ஜமீன்தார் மகன் சின்னவரு பவளத்துமேலதான் ஏறப் போறாருன்னு காரியஸ்தரு வேற ஆள் மேல ஆளா அனுப்பிக்கிட்டு இருந்தாரு.

அப்பத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்துச்சு. கொள்ளு ஊறவச்சு, அதுல வெல்லத்த நுணுக்கிப் போட்டு மடியில கட்டிக்கிட்டான். ஒரு வெடி. ஒரு கை கொள்ளு. மறுபடி ஒரு வெடி. மறுபடி ஒரு கை கொள்ளு.

கொஞ்ச நாளுல பவளம் துப்பாக்கியப் பாத்தாலே காதத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. வெடிச்சா நடுங்கல. ஓடி வந்து அவன் மடியில மூஞ்சிய விட்டுச்சு.

அரண்மனையே வந்து வேடிக்கை பாத்துச்சு. சின்னவரு கையத் தட்டுனாரு. ஜமீன்தார் ஒரு பட்டுத் தலப்பா குடுத்தாரு. இருளப்பன் அதக் கழட்டாம தூங்குனான்.

லாடம் அடிக்கிற சங்கிலி மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "ஏம்ப்பா, வெடிக்கு வெடி கொள்ளு குடுக்குறியே. காட்டுக்குள்ள யாரு குடுப்பா?"

"உனக்குத் தெரிஞ்சது கால் குளம்பு. அதோட நில்லு. தலைக்கு ஏறி வராத," னான் இருளப்பன்.

சங்கிலி ஆணியப் பொறுக்கிக்கிட்டுப் போயிட்டான்.

வேட்டைக்கு மொத நாள் சாயந்தரம் வஸ்தாது திரும்பி வந்தாரு. கால்ல புழுதி போகல, அதுக்குள்ள இருளப்பன் அவரக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுனான். வெடிச்சான். பவளம் வாலத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து மடிய மோந்துச்சு. வஸ்தாது அதோட கழுத்தத் தடவிக் குடுத்தாரு. இருளப்பன் மடி ஈரமா இருந்ததப் பாத்தாரு. தலப்பாவப் பாத்தாரு. "ம்," னு சொல்லிட்டு மொகம் கழுவப் போனாரு.

"வஸ்தாதுக்கே பேச்சு வரல," னு லாயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான் இருளப்பன்.

மறுநாள் வேட்டை. தப்படிக்கிறவங்க ஒரு பக்கமா காட்டக் கலைச்சுக்கிட்டு வந்தாங்க. எதுத்தாப்புல ஓடைக்கரையில துப்பாக்கிக்காரங்க வரிசையா நின்னாங்க. பன்னி ஒண்ணு பொதரக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. கரையில மொத வெடி வெடிச்சுச்சு.

பவளம் காதத் தூக்குச்சு. பன்னிய விட்டுட்டு, வெடிச்ச துப்பாக்கியப் பாத்து ஓடுச்சு. சின்னவரு லகானப் புடிச்சு இழுத்தாரு, காலால ஒதச்சாரு, வஞ்சாரு. அது எதையும் கேக்கல. எதுக்க நின்னவன் அடுத்த வெடிக்குக் குறி பாத்துட்டான். குறுக்க குதிரை வந்ததும் குழலத் தூக்கிட்டான். ரவை சின்னவரு தலைக்கு மேல போச்சு. அவரு கீழ விழுந்தாரு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு.

பவளம் திரும்பிக்கூடப் பாக்கல. துப்பாக்கிக்காரன் இடுப்புல மூஞ்சிய விட்டு, அவன் மடிய மோந்து மோந்து பாத்துச்சு. கொள்ளு எங்கன்னு தேடுச்சு.

இதுக்குத்தான் காரியஸ்தரு சாராயம்னாரு, பைத்தியம்னாரு. சுட்டுப் பொதைக்கணும்னாரு.

கதவுகிட்ட சண்டை போட்டு முடிச்சு இருளப்பன் லாயத்துக்கு வந்தப்ப, வஸ்தாது அங்க பவளத்தோட குளம்பத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்குள்ள அவரு ஜமீன்தாரப் பாத்துட்டு வந்திருந்தாரு.

"சித்திரை பொறக்குற அன்னிக்கு மைதானத்துல வச்சுப் பாப்பாங்க," னாரு. "வெடிச்சா பவளம் நின்ன எடத்துல நிக்கணும். நகந்துச்சுன்னா அங்கயே சுட்டுருவாங்க. அதுக்குன்னு ஒரு ஆளு தனியா துப்பாக்கியோட நிப்பான்."

"நிக்கும் வஸ்தாது. நிக்க வைக்கிறேன்."

"நீ வைக்க வேண்டாம். அது நிக்கட்டும்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னிக்குச் சாயந்தரம் பாத்தீங்கல்ல? தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

வஸ்தாது அடுத்த குளம்பத் தூக்குனாரு.

"காலையில கண்மாய்க்கு வந்துரு," னாரு.

கண்மாயில தண்ணி வத்தி, நடுவுல மட்டும் கொஞ்சம் சேறு கெடந்துச்சு. வஸ்தாது நாட்டுத் துப்பாக்கியில ரவை போடாம, வெறும் மருந்த மட்டும் கெட்டிச்சாரு.

"மடியில கொள்ளு இருக்கா?"

"இருக்கு."

"கொட்டிரு."

"குடுக்கலன்னா கோவிச்சுக்கும் வஸ்தாது."

"கோவிச்சுக்கட்டும்."

வெடிச்சாரு. பவளம் ஓடி வந்து இருளப்பன் மடிய மோந்துச்சு. ஒண்ணும் இல்ல. நெத்தியால முட்டுச்சு. இந்தப் பக்கம் வந்து மோந்துச்சு, அந்தப் பக்கம் வந்து மோந்துச்சு. அப்பறம் இடுப்புல ஒரு கடி கடிச்சுச்சு.

"கடிச்சிருச்சு வஸ்தாது."

"ம்."

"என்ன ம்? ரத்தம் வருது."

"மஞ்சள வச்சுக் கட்டு. அடுத்த வெடிக்கு மருந்து கெட்டி."

இப்படியே போச்சு. வெடிக்குக் கொள்ளு கெடையாது. கொள்ளு எப்பவோ வரும், பவளத்துக்குப் பசிக்கிறப்ப, வெடிக்குச் சம்பந்தமே இல்லாத நேரத்துல. பவளம் தீனியத் தொடாம மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்ன நாளெல்லாம் உண்டு. இருளப்பனும் சாப்பிடாம நின்னான்.

"பாவம்," னான்.

"எது?"

"குதிரைதான். வேற யாரு?"

வஸ்தாது கஞ்சியக் குடிச்சு முடிச்சு, சட்டியக் கழுவிக் கவுத்தாரு.

கொஞ்ச நாளுல ஓடி வர்றத நிறுத்திருச்சு பவளம். இருளப்பனுக்குச் சந்தோசம் தாங்கல. அந்தச் சந்தோசமும் நெலைக்கல. அடுத்த வெடிக்கு அது நடுங்க ஆரம்பிச்சுச்சு. மொத நாள் மாதிரியே. வேர்வ, தொடைத் துடிப்பு, கண்ணுல வெள்ளை.

"பாத்தீங்களா? கெடுத்து வச்சுட்டீங்க. எங்கிட்ட இருந்தப்பவாவது பயம் இல்லாம இருந்துச்சு."

"நீ கொள்ளு குடுக்குறதுக்கு முன்னாடி நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"குடுத்தப்ப?"

"நடுங்கல. பயம் போயிருச்சு."

"எங்க போச்சு?"

இருளப்பன் பவளத்தோட துடிக்கிற தொடைமேல கைய வச்சுப் பாத்தான்.

"போனது இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பி வந்துச்சு?" னு கேட்டாரு வஸ்தாது. பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கல. "இப்பத்தான் ஆரம்பிக்கிற எடத்துக்கு வந்திருக்கோம். நவாபப் புடிச்சுக்கிட்டு வா."

நவாபுங்கிறது லாயத்துல இருக்குற கெழட்டுக் குதிரை. பல்லு பாதி போச்சு. இளவயசுல எத்தனையோ வேட்டை பாத்தது. அதக் கொண்டுவந்து பவளத்துக்குப் பக்கத்துல மேய விட்டாங்க. வஸ்தாது துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்கு அந்தக் கரைக்குப் போனாரு. கண்ணுக்குப் புள்ளியாத் தெரிஞ்சாரு.

வெடிச்சுச்சு. இங்க வந்து சேரும்போது அது கதவு சாத்துற சத்தம் மாதிரித்தான் இருந்துச்சு. பவளம் துள்ளுச்சு. நவாபு பாட்டுக்குப் புல்லப் புடுங்குச்சு. பவளம் நவாபப் பாத்துச்சு. நவாபு புல்லப் பாத்துச்சு.

இருளப்பன் பவளத்தோட கழுத்தக் கட்டிக்கிட்டான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடா தங்கம்."

சாயந்தரம் வஸ்தாது கேட்டாரு. "வெடிச்சப்ப அதுகிட்ட என்னமோ சொன்னியே, என்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"பயந்துச்சே. அதான்."

"நவாபு என்ன சொல்லுச்சு அதுகிட்ட?"

"நவாபு என்ன சொல்லும்? அது பாட்டுக்கு மேஞ்சுச்சு."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குச் சொல்ற?"

மறுநாள் இருளப்பன் வாய மூடிக்கிட்டு நின்னான். ஆனா வெடிக்கு முன்னாடியே கயித்த இறுக்கிப் புடிச்சுட்டான். கயிறு இறுகுனதும் பவளம் நிமிந்து பாத்துச்சு. அதுக்கடுத்த நாள் கயித்தத் தளத்திப் புடிச்சான், மூச்ச அடக்கிக்கிட்டு நின்னான். பவளம் அவன் மூச்சுக்கே காதத் திருப்புச்சு.

"இது மனுசனாவே இருக்க விடாது போலயே," னான்.

வஸ்தாது ஒரு பழைய சேணத்தக் கொண்டாந்து அவன் மடியில போட்டாரு. வாரெல்லாம் அத்துக் கெடந்துச்சு. கோணூசியும் நூலும் குடுத்தாரு.

"நாளையில இருந்து பவளத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து இதத் தைக்கணும்."

"நான் கேக்குறது குதிரைக்கு என்ன செய்யணும்னு."

"வாரு தைக்கணும்."

"நான் தைச்சா அது நிக்குமா?"

"வாரு தச்சு முடிஞ்சிரும்."

தச்சான். மொத வெடிக்கு ஊசி வெரல்ல ஏறுச்சு. அவன் துள்ளுனான், பவளமும் துள்ளுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வஸ்தாது நாளுக்கு நாள் கரையில இருந்து இறங்கி இறங்கிக் கிட்ட வந்துக்கிட்டு இருந்தாரு.

இதுக்கு நடுவுல காரியஸ்தரு மைதானத்துக்குப் பின்னாடி ஆள விட்டு ஒரு குழி வெட்ட வச்சாரு. ஒரு குதிரை அடங்குற அளவுக்குக் குழி. இருளப்பன் தண்ணிக்குப் போன எடத்துல அதப் பாத்துட்டான். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்புனான்.

"எங்க?" னாரு வஸ்தாது.

"அரண்மனைக்கு. உசுரோட நிக்கிற குதிரைக்குக் குழி வெட்டுறானே, அவன் வீட்டுல உசுரோட இருக்குறவங்களுக்கெல்லாம் வெட்டி வச்சுட்டானான்னு கேட்டுட்டு வர்றேன்."

"கேட்டா குழிய மூடிருவானா?"

"மூட மாட்டான். ஆனா எனக்கு ஆறும்."

"பவளத்துக்கு?"

இருளப்பன் நின்னான். நின்ன எடத்துலயே கொஞ்ச நேரம் காரியஸ்தரோட ஏழு தலைமொறையையும் வஞ்சு தீத்தான். பவளம் காதக்கூட ஆட்டல, அதுக்கு அந்தச் சத்தமெல்லாம் எப்பவோ பழகிப் போச்சு. வஞ்சு முடிச்சு, ஊசியத் தேடி எடுத்து ஒக்காந்தான்.

"நீங்க மட்டும் அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் குழி இல்ல வஸ்தாது."

"அந்த ஓரத்துல தையல் விட்டுப் போயிருக்கு பாரு," னாரு அவரு.

இருளப்பன் நூலப் பல்லால கடிச்சு அத்தான்.

பங்குனி கடைசியில ஒரு நாள். வெயில் தாழ்ந்து வஸ்தாது துப்பாக்கியத் தோள்ல சாச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்து நின்னாரு. சேணத்துல கடைசி வாரு மட்டும் பாக்கி இருந்துச்சு.

"இன்னிக்கு எத்தனை வெடி வெடிச்சேன்?"

இருளப்பன் யோசிச்சான். "எண்ணலயே வஸ்தாது. இந்த வாருல தோலு முறுக்கிக்கிச்சு, அதுல இருந்தேன்."

வஸ்தாது பவளத்தப் பாத்தாரு. பவளம் ஒரு கால மடக்கி வச்சுக்கிட்டு அரைத் தூக்கத்துல நின்னுச்சு.

"நாளைக்கு அந்தச் சேணத்தப் போட்டு நீயே ஏறு," னாரு.

சித்திரை பொறந்த அன்னிக்கு மைதானத்துல எள்ளுப் போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம். ஜமீன்தார் பந்தலுக்குக் கீழ ஒக்காந்திருந்தாரு. சின்னவரு கையத் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கிட்டுப் பக்கத்துல இருந்தாரு. காரியஸ்தரு பின்னாடி நின்னாரு. ஓரமா ஒருத்தன் துப்பாக்கியில குண்டு போட்டுத் தயாரா நின்னான், பவளத்துக்கு.

இருளப்பன் பவளத்துமேல ஏறி நடுவுல வந்து நின்னான். கூட்டத்துல யாரோ, "டேய், மடியில கொள்ளு இருக்கா?" னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. வேற நாளா இருந்தா கேட்டவன் அழுதுக்கிட்டுத்தான் வீடு போயிருப்பான். இருளப்பன் திரும்பல.

மைதானத்துக் கோடியில மொத வெடி. பவளம் நின்னுச்சு.

கிட்ட வந்து ஒரு வெடி. நின்னுச்சு. காது ஒண்ணு மட்டும் ஈ ஓட்டுற மாதிரி அசைஞ்சுச்சு.

அப்பறம் ஜமீன்தாரே எந்திரிச்சு வந்தாரு. ரெட்டக்குழல் துப்பாக்கிய வாங்கிப் பவளத்தோட மூஞ்சிக்குப் பக்கத்துல வானத்தப் பாத்து ரெண்டு குழலயும் காலி பண்ணுனாரு. பொகை மூடிக்கிச்சு. குண்டு போட்டு வச்சிருந்தவன் துப்பாக்கியத் தூக்குனான்.

பொகை விலகுச்சு. பவளம் அதே எடத்துல நின்னுச்சு. நின்னபடி வாலத் தூக்கி, சாணி போட்டுச்சு.

கூட்டம் சிரிச்ச சிரிப்புல ஜமீன்தாரும் சிரிச்சுட்டாரு. ஓரமா நின்னவன் துப்பாக்கியக் கீழ எறக்குனான்.

கடைசியா இருளப்பன் கையில துப்பாக்கியக் குடுத்தாங்க. அவன் மேல ஒக்காந்தபடியே பவளத்தோட ரெண்டு காதுக்கும் நடுவுல நீட்டிச் சுட்டான். நின்னுச்சு.

"குழிய மூடச் சொல்லுங்க," னாரு ஜமீன்தார் காரியஸ்தரப் பாத்து. அப்பறம் வஸ்தாது பக்கம் திரும்புனாரு. "ராவுத்தரே, தப்பு எங்க மேலதான். வேட்டைக்கு மொத நாளே நீர் வந்து சொன்னீராம்ல, இந்தக் குதிரையில போகாதீங்க, வேற குதிரை தர்றேன்னு. இவன்தான் கேக்கலியாம். நேத்துத்தான் எங்கிட்ட சொல்றான்."

சின்னவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

இருளப்பன் பவளத்துமேல இருந்து எறங்குனான். துப்பாக்கியப் பக்கத்துல நின்னவன்கிட்ட கை பாட்டுக்குக் குடுத்துச்சு. கண்ணு வஸ்தாதுகிட்டயே இருந்துச்சு.

"சின்னவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அன்னிக்கு ராத்திரியேவா?"

"ஆமா."

"அப்ப அவருக்குத் தெரியும். லாடம் அடிக்கிற சங்கிலிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். பழக்குனவன் நான், எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயி சின்னவரு கால்ல விழுந்து தடுத்திருப்பேன். அவரு எலும்பு முறிஞ்சிருக்காது. பவளம் சாவு வரைக்கும் போயிட்டு வந்திருக்காது." லகானப் புடிச்சுக்கிட்டு வஸ்தாதுக்கு நேரா வந்து நின்னான். "லாயத்துல கேட்டேன், குளம்பப் பாத்தீங்க. கண்மாயில கேட்டேன், தையல் விட்டுப் போச்சுன்னீங்க. இன்னிக்கு ஊரே இங்க இருக்கு. ஏன் எங்கிட்ட சொல்லல? இங்க வச்சுச் சொல்லுங்க."

காரியஸ்தருகூட ஒரு அடி முன்னால வந்து நின்னாரு, கேக்குறதுக்கு.

வஸ்தாது பவளத்தோட வயித்துக்குக் கீழ குனிஞ்சு சேணத்து வாரத் தளத்துனாரு. அது பெருமூச்சு விட்டுச்சு. நிமிந்தாரு.

"சொல்றேன்," னாரு. "சின்னவரு எலும்புல எனக்கும் பங்கு இருக்கு, அதயும் சேத்தே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சாயந்தரம் பட்டுத் தலப்பாவக் கட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி நின்னியே. அந்த நேரத்துல, 'இருளப்பா, நீ செஞ்சு வச்சிருக்குறது தப்பு'ன்னு நான் சொல்லியிருந்தா, எனக்கு என்ன பதில் சொல்லியிருப்ப? உன் வாயில என்ன வந்திருக்குமோ அத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தையும் மாத்தாத. சத்தமாச் சொல்லு, இத்தனை பேரும் கேக்கட்டும்."